85 மி.மீ. லென்ஸில் ஃபோகஸ் தப்புகிறது: மாற்றித் தரச் சொல்லி வழக்குப் போட முடியுமா?

கேள்வி: கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில்; ஓர் உதவியாளர் உண்டு. 11 மாதங்களுக்கு முன் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை உள்ளூர்க் கடையில் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு ஆண்டு வாரண்டி. என் ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆரில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனிதான் ஷார்ப்பாக விழுகிறது. இரண்டு முறை சர்வீஸுக்குக் கொடுத்தும் ‘சோதித்தோம், நார்மல்’ என்று திருப்பிவிட்டார்கள். லென்ஸ் கம்பெனி கேமரா பாடியைக் குறை சொல்கிறது, பாடி கம்பெனி லென்ஸைச் சொல்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது மனக்குறைதான், சான்று இல்லை. 85 மி.மீ. எஃப்/1.8-ல் இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆழம் (முன்பின்னாக ஷார்ப்பாக விழும் பகுதி) மொத்தமே சுமார் 6 செ.மீ. கை கொஞ்சம் ஆடினாலும் மணப்பெண் தலை அசைந்தாலும் கண் தப்பிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான்.

டி.எஸ்.எல்.ஆரில் வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழி ஃபோகஸ் செய்யும்போது வெளிச்சம் துணைக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடியில் இருக்கும் தனி ஏ.எஃப். (தானியங்கி ஃபோகஸ்) சென்சாருக்குப் போகிறது, படம் விழுவதோ வேறு சென்சாரில். இரண்டு பாதைகளும் இம்மி பிசகினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ போகும். இதைச் சரிசெய்யத்தான் பல பாடிகளில் லென்ஸுக்கு லென்ஸ் −20 முதல் +20 வரை திருத்தம் வைத்திருக்கிறார்கள். கேனான் அதை மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்கிறது, நிக்கான் ஃபைன் டியூன் என்கிறது. +6 வைத்தவுடன் சரியாகிவிட்டால், என் கருத்தில் அது பலமான வழக்கு இல்லை. உற்பத்தியில் இயல்பான வேறுபாடு என்று சொல்லித் தப்பிக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. +20 வைத்தும் போதவில்லை, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஃபோகஸ் நிற்கிறது, 2 மீட்டருக்குச் சரியான எண் 6 மீட்டரில் தப்புகிறது, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்குகிறது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நிலைமையே வேறு. அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(10) சொல்லும் ‘குறைபாடு’.

ஆகவே முதலில் சோதனை. ட்ரைபாட் போட்டு, ஃபோகல் நீளத்தைப் போல் 50 மடங்கு தூரத்தில், அதாவது 4.25 மீட்டரில், கேமராவுக்கு நேர் இணையாக ஓர் அச்சிட்ட அட்டையை நிறுத்துங்கள். பக்கத்தில் சாய்வாக ஒரு ஸ்கேல் இருக்கட்டும், ஆனால் ஃபோகஸ் அட்டையில்தான். ஸ்கேலிலேயே ஃபோகஸ் வைப்பது பலர் செய்யும் தவறு, ஏ.எஃப். புள்ளி வ்யூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிடப் பெரியது, எந்தக் கோட்டைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. முழு அபெர்ச்சர் (லென்ஸின் துளை முழுதும் திறந்து, அதாவது எஃப்/1.8), நடுப் புள்ளி மட்டும், 2 நொடி டைமர், நல்ல வெளிச்சம், திருத்தம் 0. ஒவ்வொரு படத்துக்கு முன்னும் ஃபோகஸை முழுவதும் கலைத்துவிட்டு, வ்யூஃபைண்டர் வழி 10 படம், லைவ் வ்யூவில் (பின்புறத் திரையைப் பார்த்து) 10 படம் எடுங்கள். லைவ் வ்யூவில் படம் சென்சாரிலிருந்தே அளக்கப்படுவதால் அது ஒப்பீட்டுக்கு ஆதாரம். அதிலும் மங்கினால் சந்தேகம் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடித் தொகுதியின் மீது போகிறது. பிறகு இதே லென்ஸை இன்னொருவரின் பாடியிலும், உங்கள் பாடியில் வேறொரு லென்ஸையும் போட்டு எடுங்கள். இரண்டு பாடியிலும் இந்த லென்ஸ் மட்டும் தப்பினால் ‘பாடியைப் பாருங்கள்’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ரா ஃபைல்களை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகளை) அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் போன படத்தில் அபெர்ச்சர், நேரம் போன்ற விவரங்கள் அழிந்துவிடும். தாக்கல் செய்யும்போது 2023 பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63(4)-இன் கீழ் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்த்துவிட்டால் ஆட்சேபணைக்கு இடமிருக்காது. வெளி மெக்கானிக்கிடம் லென்ஸைத் திறக்கக் கொடுக்காதீர்கள். வாரண்டியும் போகும், சான்றும் போகும்.

மூன்றாம் முறை சர்வீஸுக்குப் போகும்போது ஜாப் ஷீட்டில் ‘படம் மங்கல்’ என்று எழுத விடாதீர்கள். ‘4.25 மீட்டர், எஃப்/1.8, வ்யூஃபைண்டர் வழி 10 படத்தில் இத்தனை படம் இத்தனை செ.மீ. முன்னால்’ என்று எழுதச் சொல்லுங்கள். பாடியையும் சேர்த்தே கொடுங்கள். பதில் சரியில்லையென்றால் கடைக்கும், அட்டைப்பெட்டியில் பெயர் அச்சிட்டுள்ள இறக்குமதியாளருக்கும் 15 நாள் கெடுவுடன் நோட்டீஸ்.

‘தொழிலுக்கு வாங்கினவர் நுகர்வோர் இல்லை’ என்ற வாதம் நிச்சயம் வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-இன் விளக்கம் சுயதொழிலால் பிழைப்பவரைக் காப்பாற்றுகிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில் (1995), ஒன்றிரண்டு பேரின் உதவி இருப்பதாலேயே ஒருவர் நுகர்வோர் அல்லாமல் போய்விடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பில்லை ஸ்டுடியோவின் ஜி.எஸ்.டி. எண்ணில் வாங்கி உள்ளீட்டு வரிக் கழிவும் (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை உங்கள் வரியில் கழிப்பது) எடுத்திருந்தால் அதை இப்போதே உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. காலவரம்பு 2 ஆண்டு. சர்வீஸுக்கு அலைந்த நாட்கள் தானாகக் கழியும் என்று நம்பாமல், வாங்கிய தேதியிலிருந்தே எண்ணுங்கள். மனுவில் முதலில் மாற்று லென்ஸ், இல்லையேல் வட்டியுடன் பணம் என்று கேளுங்கள். வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிய ரசீது இருந்தால் மட்டும் அந்த நஷ்டத்தைச் சேருங்கள்.

கூடவே அதே சட்டத்தின் பிரிவு 38(2)(சி)-இன் கீழ் லென்ஸை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி மனு வையுங்கள். அறிக்கை வர 45 நாள். கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும், எதிர்த்தரப்பின் சர்வீஸ் சென்டர் போதாது. பாடியும் சேர்ந்து போகிறதென்றால், ஒப்படைக்கும் நாளில் திருத்தம் 0-வில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த மெனுத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.