அண்ணாச்சி பதில்கள்: கோட்டவாசல் தாண்டினால் வெள்ளைத் திரை

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். புளியரையில் பஸ் ஏறி தினமும் புனலூருக்கு வேலைக்குப் போகிறேன். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். போக வர ரெண்டரை மணி நேரம். வீட்டு வைஃபையில் நாலைந்து கட்டுரைகளைப் போனில் திறந்து வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். கேரள எல்லையான கோட்டவாசல் தாண்டி ஆரியங்காவில் எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் திரைதான். சிக்னல் வந்தாலும் விளம்பரம் வந்து படிக்கிற வரியைக் கீழே தள்ளிவிடுகிறது. வயது 47, பொடி எழுத்து தெரியவில்லை. மின்னூல் படிக்கிற கருவியான கிண்டிலில் பழையது ஒன்றைத் தம்பி கொடுத்தான். கட்டுரையை பிடிஎஃப் ஆக்கி அதில் ஏற்றினேன். போனைவிடப் பொடியாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம், புளியரை)

பதில்: தங்கச்சி, அந்த வெள்ளைத் திரையை நானும் பார்த்திருக்கிறேன். கொல்லத்தில் இருக்கிற மகள் வீட்டுக்கு ரயிலில் போகும்போது வாசிக்கலாம் என்று பதினோரு கட்டுரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு செங்கோட்டையில் ஏறினேன். பகவதிபுரம் தாண்டி, குகைக்குள் புகுந்து வெளியே வந்தபோது ஒன்றுகூட இல்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, திறந்து வைப்பது வேறு, சேமித்து வைப்பது வேறு. போனில் மெமரி போதாமல் போனால், பின்னால் கிடக்கும் டேபுகளைப் பிரவுசர் கழற்றி விட்டுவிடும். நாம் திரும்பத் தொடும்போது பக்கத்தை மறுபடியும் இணையத்திலிருந்து இழுக்கப் பார்க்கும். மலைக்குள் எங்கிருந்து இழுக்க?

முதல் நாள் ராத்திரியே கட்டுச்சோறு கட்டுகிற மாதிரி கட்டிவிடுங்கள். க்ரோமில் மூன்று புள்ளியைத் தொட்டால் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் பக்கம் போனிலேயே இறங்கிவிடும், நெட் இல்லாமலும் திறக்கும். ஆனால் விளம்பரம் இருந்த இடமும் சேர்ந்தேதான் வரும். அது வேண்டாம் என்றால் இன்ஸ்டாபேப்பர் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். 2008 முதல் இருக்கிறது. கட்டுரைப் பக்கத்தில் ‘ஷேர்’ தொட்டு அதற்கு அனுப்பினால், எழுத்தை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் செயலியை ஒரு தடவை திறந்து, எல்லாம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். இதை விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். யாராவது இதே மாதிரியான ‘பாக்கெட்’ செயலியைப் போடுங்கள் என்று சொன்னால் தேட வேண்டாம், அது 2025 ஜூலை 8-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

சிக்னல் இருக்கிற இடத்தில் படிப்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் நல்லது. கட்டுரைப் பக்கம் என்று அது கண்டுகொண்டால் மேலே முகவரிப் பட்டையில் தாள் மாதிரி ஒரு குறி வரும். தொட்டால் விளம்பரம், பக்கவாட்டுப் படம், ‘இதையும் படியுங்கள்’ எல்லாம் விலகி, கட்டுரை மட்டும் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், தாளின் நிறத்தைப் பழுப்பாக்கலாம். ஐபோன்காரர்களுக்கு சஃபாரியிலேயே இந்த வசதி உண்டு.

இனி கிண்டில் விஷயம். நான் செங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் 22 வருஷம் ஈய எழுத்துக் கோத்தவன், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பிடிஎஃப் என்பது அச்சேறி முடிந்த தாள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஆறு அங்குலக் கிண்டில் திரையின் அகலம் சுமார் 90 மில்லிமீட்டர். முழுத் தாளையும் அதற்குள் அடைத்தால் 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட்டாகச் சுருங்கிவிடும். கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயரைக்கூட நாங்கள் அவ்வளவு பொடியாகப் போட்டதில்லை. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது இபப் (EPUB) என்கிற மின்னூல் வடிவம். அதில் வரி முடிந்துபோன ஒன்றல்ல. எழுத்தைப் பெரிதாக்கினால் திரைக்குத் தகுந்தபடி வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். இணையக் கட்டுரையை இபப் ஆக்கித் தரும் நீட்டிப்புகள் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்கிற சின்னக் கருவிகள்) கிடைக்கின்றன. நம் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்புகிற அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை 2022-இலிருந்து இபப்பை ஏற்கிறது. அதே பெயரில் கம்ப்யூட்டரில் உள்ள க்ரோமுக்கு ஒரு நீட்டிப்பும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டால், படித்துக்கொண்டிருக்கும் கட்டுரையை நேரே கிண்டிலுக்குத் தள்ளிவிடலாம். கடையில் கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டர் இருக்கிறதே, முதலாளியிடம் கேட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்ளுங்கள். புத்தகமே படிக்க வேண்டுமென்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப்பும் இருக்கும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் இருக்கும். நம் கஷ்டம் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

கிண்டிலில் ஏற்றியதும் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, வரி இடைவெளியைக் கூட்டுங்கள். தமிழில் புள்ளி தலைக்கு மேலே நிற்கும், ‘கு’வும் ‘மூ’வும் அடியில் வால் விடும். ஈய எழுத்துக் காலத்தில் மேல் வரியின் வால் கீழ் வரியின் புள்ளியை இடிக்காமலிருக்க வரிக்கு வரி நடுவே மெல்லிய லெட் தகடு செருகுவோம். அதைச் செருகாத பக்கத்தை புரூஃப் பார்க்கிறவர் முகத்தைச் சுளித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். திரையிலும் அந்தத் தகடு வேண்டும். இன்னொன்று, இருபுறமும் சமமாக நிற்கிற அமைப்பை விட்டு, இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்பதாக மாற்றுங்கள். ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரு சொல் வந்தால் அதுவே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்தின வரியில் மிஞ்சும் இரண்டு சொற்களை இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டினால் நடுவில் மாட்டுவண்டியே போகலாம். கண் அங்கே தடுக்கும்.

புளியரை எஸ் வளைவில் மட்டும் படிக்காதீர்கள். கண் அசையாத எழுத்தைப் பார்க்கும், காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ வண்டி திரும்புவதை உணரும். இரண்டும் முரண்பட்டால் வயிற்றைப் புரட்டும். அந்த நேரத்துக்குக் கேட்கிற வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அணுகல் வசதிகளுக்குள் ‘செலக்ட் டு ஸ்பீக்’ இருக்கும், தமிழ்க் குரலை இறக்கிவைத்தால் கட்டுரையை வாசித்துக் காட்டும்.  கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலம் வரும்போது காதில் கட்டுரை ஓடட்டும், கண் பாலத்தைப் பார்க்கட்டும்.

கேள்வி: ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வைத்து என் மகள் படிக்கிறாள். கண்ணுக்கு நல்லது என்கிறாள். சரிதானா? (ஒரு தகப்பன், கொழிஞ்சாம்பாறை)

பதில்: இருட்டில் வெள்ளைத் திரை கூசும், அந்த அளவில் அவள் சொல்வது சரி. ஆனால் ஆஸ்டிக்மாட்டிசம் (கருவிழி வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) உள்ள கண்ணுக்குக் கருப்பில் வெள்ளை எழுத்து ஓரம் கலங்கித் தெரியும். ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நிறத்தை மாற்றினாலும் திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துபோகும், எரிச்சல் அதனால்தான் அதிகம் வருகிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். தலைமாட்டில் ஒரு சின்ன பல்பும் எரியட்டும்.