வாணி விழாவில் சகலகலாவல்லி மாலையை ஏன் பாடுகிறோம்?

கொழும்பில் படிக்கும் உங்கள் மகள் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறாள். வாணி விழா என்பது நவராத்திரியில் கலைமகளான சரஸ்வதிக்கு எடுக்கும் விழா. நவராத்திரியின் முதல் மூன்று நாள்கள் துர்க்கைக்கு, அடுத்தவை இலக்குமிக்கு, கடைசி மூன்றும் சரஸ்வதிக்கு. கலைமகளை வேண்டி 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடியது இந்த மாலை. காசியில் முகலாய ஆட்சியாளரிடம் பேச அவருக்கு இந்துஸ்தானி தேவைப்பட்டது. அதற்காகவே பாடினார் என்பது மரபு. பத்துப் பாடல்களும் ‘சகலகலாவல்லியே’ என்றே முடியும். அதனால்தான் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதலடி தெரியாத சிறுவன்கூட அந்த இடம் வந்ததும் குரலை உயர்த்திச் சேர்ந்துகொள்கிறான். கும்பத்தின் முன் அவலும் கடலையும் இருக்கின்றன என்பதற்காக அவசரமாகப் பாடி முடிப்பது எனக்கு ஒப்பாது. பல மொழிகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும் வேண்டுதல் இது. பொருள் சொல்லிக்கொடுத்துப் பாட வையுங்கள். முதலில் ஒரு பாடல் போதும்.