டிரெய்லர் காலியாகப் போனாலும் லைசென்ஸ் கணக்கு மாறாது

கேள்வி: டெக்சாஸில் சிறிய அளவில் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறேன். பின்னால் நான்கு டயர் போட்ட பிக்அப் இருக்கிறது, ஸ்டிக்கரில் ஜி.வி.டபிள்யூ.ஆர். (பாரத்தோடு அதிகபட்சம் இவ்வளவு என்று தயாரிப்பாளர் குறித்த எடை) 14,000 பவுண்டு. வாங்க நினைக்கும் கூஸ்நெக் டிரெய்லருக்கும் (பிக்அப்பின் சரக்குத் தட்டுக்குள் மாட்டும் வகை) 14,000. மினி எக்ஸ்கவேட்டரை ஏற்றினாலும் எல்லாம் சேர்த்து 22,000 பவுண்டைத் தாண்டாது. சி.டி.எல். (வணிக ஓட்டுநர் உரிமம்) வேண்டுமா? 10,000 பவுண்டு பிக்அப்புக்கு மாறினால் போதுமா?

பதில்: இப்போது சொல்லும் ஜோடிக்கு கிளாஸ் ஏ, அதாவது கனரக இணைப்பு வண்டிகளுக்கான சி.டி.எல். வேண்டும். காலி டிரெய்லரை இழுத்துப் போனாலும் வேண்டும்.

அமெரிக்க மத்திய விதி இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டோ அதற்கு மேலோ வருகிறதா? டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கிளாஸ் ஏ. இங்கே எடுத்துக்கொள்வது ஸ்டிக்கர் எடை, நிஜ எடை இரண்டில் எது அதிகமோ அது. 14,000 + 14,000 = 28,000. நிஜ எடை 22,000 என்பது இங்கே உதவாது. மாறாக, ஸ்டிக்கர் குறைவாக இருந்தும் பாரம் மிஞ்சிவிட்டால் நிஜ எடைதான் செல்லும். வண்டியைக் குறைந்த எடைக்குப் பதிவு செய்வதாலும் ஜி.வி.டபிள்யூ.ஆர். மாறாது, பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 26,000 பவுண்டு டிரக்கின் பின்னால் 10,000 பவுண்டு டிரெய்லர் என்றால் கூட்டு 36,000. ஆனால் மத்திய விதிப்படி எடைக்காக சி.டி.எல். தேவையில்லை. இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்துவிடுகிறது. முதல் கேள்விக்கு 'இல்லை' வந்தாலும் போதும்: இருக்கிற பிக்அப்பை வைத்துக்கொண்டே 12,000 பவுண்டு டிரெய்லர் எடுத்தால் கூட்டு சரியாக 26,000. தாராளமாகப் போகலாம். அதில் டிரெய்லரின் சொந்த எடையும் எக்ஸ்கவேட்டரும் அடங்குமா என்று மட்டும் பாருங்கள்.

10,000 பவுண்டு பிக்அப்புக்கு மாறினால் கூட்டு 24,000, சி.டி.எல். இல்லை. காகிதத்தில் சரி. ஆனால் ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டகத்தில் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று. அது 2,500 என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் 4,500, எக்ஸ்கவேட்டர் 8,000, ஆக 12,500. கூஸ்நெக் தன் எடையில் 15 முதல் 25 சதவீதத்தைப் பிக்அப்பின் மேல் இறக்கும். 20 சதவீதம் என்றாலே 2,500 பவுண்டு. ஓட்டுநர் ஏறி உட்காரவே கணக்கில் இடமில்லை! விளம்பரத்தில் போடும் 'இழுக்கும் திறன்' இதைச் சொல்லாது.

அதே எடையைப் பின்னால் கொக்கி மாட்டும் சாதாரண டிரெய்லரில் ஏற்றினால் கொக்கியில் விழுவது 10 முதல் 15 சதவீதம். 12 சதவீதத்துக்கு 1,500, இரண்டு ஆள், கருவிகள் 760, மொத்தம் 2,260. அடங்கிவிடும், ஆனால் ஒட்டி வருகிறது. கொக்கிச் சட்டகத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதன் வரம்பையும் படியுங்கள்.

இயந்திரத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். கொக்கியிலிருந்து டிரெய்லரின் சக்கர அச்சுகளின் நடுப்புள்ளி 16 அடி என்றால், 8,000 பவுண்டு இயந்திரத்தை ஓரடி முன்னே நகர்த்தினாலே கொக்கியில் 500 பவுண்டு கூடும். ஓரடி பின்னே போனால் அதே 500 குறையும். 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். சரியான இடம் கிடைத்ததும் பலகையில் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, டிரக் நிறுத்தங்களில் உள்ள, அச்சு வாரியாக எடை காட்டும் மேடைக்குப் போங்கள். முதலில் மாட்டிய நிலையில்: முன் அச்சு 3,940, பின் அச்சு 5,820, டிரெய்லர் 11,000 என்று வருகிறது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்கள், அதே டீசலோடு பிக்அப்பை மட்டும் ஏற்றினால் 8,260. முன்பு பிக்அப்பின் இரு அச்சும் சேர்ந்து 9,760, வித்தியாசம் 1,500. அதுதான் கொக்கி எடை. 9,760 என்பது 10,000-க்குள் இருக்கிறது. ஒவ்வோர் அச்சுக்கும் ஸ்டிக்கரில் தனி வரம்பு உண்டு, அதையும் ஒப்பிடுங்கள்.

சி.டி.எல். தேவையில்லை என்றானாலும் தொழிலுக்காக மாநில எல்லை தாண்டினால் மத்திய வணிக வண்டி விதிகள் தொடங்கும் வரம்பு 26,001 அல்ல, 10,001 பவுண்டு. அப்போது யு.எஸ்.டி.ஓ.டி. எண் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்), மருத்துவச் சான்று, ஓட்டுநருக்கு 21 வயது எல்லாம் வேண்டும்.

சி.டி.எல்.லே எடுக்கலாம் என்றால்: 2022 பிப்ரவரி 7 முதல் புதிதாக கிளாஸ் ஏ எடுப்பவர் அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி முடிக்க வேண்டும், கற்போர் உரிமம் கிடைத்து 14 நாள் கழித்தே ஓட்டும் தேர்வு. பிக்அப்-கூஸ்நெக்கில் ஓட்டும் தேர்வு கொடுத்தால் ஏர் பிரேக் வண்டி கூடாது, ஐந்தாம் சக்கர இணைப்பு (பெரிய லாரியின் பின்தட்டில் டிரெய்லரைப் பூட்டுவது) உள்ள டிராக்டர்-டிரெய்லர் கூடாது என்ற கட்டுப்பாடுகள் உரிமத்தில் ஏறிவிடும். உங்கள் வேலைக்கு அவை தடையில்லை.