மூன்று நிறத்தில் பூக்கும் செடி எது?

கேள்வி: 12 ஆண்டுகள் எங்களுடன் வாழ்ந்த நாய் மணி சென்ற மாதம் இறந்துவிட்டது. தோட்டத்து மூலையில் புதைத்திருக்கிறோம். அங்கே ஒரு பூச்செடி வைக்க ஆசை. சத்துவாச்சாரியில் உறவினர் வீட்டில் இடுப்பளவு வளர்ந்த செடி ஒன்றைப் பார்த்தேன். ஒரே செடியில் கத்தரிப்பூ நிறம், வெளிர் ஊதா, வெள்ளை என்று மூன்று நிறப் பூக்கள். பெயர் அவர்களுக்கும் தெரியவில்லை. அது எங்கள் ஊர் வெயிலில் வருமா? வீட்டில் இப்போது ஒரு நாய்க்குட்டியும் இருக்கிறது.
— வாசகி, காட்பாடி

பதில்: நீங்கள் பார்த்தது புரூன்ஃபெல்சியா. நர்சரிகளில் ‘யெஸ்டர்டே டுடே டுமாரோ’ என்று கேட்டால் தெரியும். ஊதாவாக விரியும் பூ, அடுத்த நாள் வெளிறி, அதற்கடுத்த நாள் வெள்ளையாகிவிடுவதால், வெவ்வேறு நாள்களில் மலர்ந்தவை ஒரே நேரத்தில் கண்ணில் படுகின்றன. பிரேசிலிலிருந்து வந்த இது, நம் கத்தரியும் ஊமத்தையும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு, இதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இச்செடியின் இலை, பட்டை, காய், விதை எல்லாமே நாய்க்கு நஞ்சு. தின்ற நாய்க்கு வாந்தியும் நடுக்கமும் தொடங்கி, எட்டிக்கொட்டை தின்றதுபோல உடல் விறைத்து வலிப்பு வரும். உயிர் போவதும் உண்டு. விற்பவர்கள் இதைச் சொல்வது அரிது. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் தோண்டாமலும், கிடைத்ததைக் கடிக்காமலும் குட்டி இருக்காது. நஞ்சைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் அதற்கு அரை நிழல் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகும். அரளி, தங்க அரளி ஆகியவற்றையும் இதே காரணத்தால் தவிர்த்துவிடுங்கள்.

அந்த மூலையில் நல்ல வெயில் விழுமானால் குண்டுமல்லி வையுங்கள். நிறம் மாறாது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாய்க்குத் தீங்கில்லை, நம் வெயிலே அதற்கு வாழ்வு. ஆடி மாதத்திலிருந்து மழைக்காலம் வரை நடலாம். கார்த்திகையில் கவாத்து செய்தால் மாசி முதல் பூக்கத் தொடங்கும். புதைத்த இடத்தின் நேர் மேலே மட்டும் குழி எடுக்க வேண்டாம். உடல் சிதையும்போது உண்டாகும் அம்மோனியா இளவேர்களைக் கருக்கிவிடும் என்பதோடு, மண்ணைத் திறந்தால் வாடைக்குத் தெருநாய்களும் வரும். இரண்டு மூன்று அடி தள்ளி நட்டால், வேர் தானாகவே அந்தப் பக்கம் போய்ச் சேரும். மேலே சில கற்களை அடுக்கிவிட்டால் குட்டியும் தோண்டாது.

உறவினர் வீட்டுக்குக் குட்டியை அழைத்துச் சென்றால் அந்தச் செடிப் பக்கம் விடாதீர்கள். கடித்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலும், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், செடியின் கிளை ஒன்றை ஒடித்து எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.