கிருமியே இல்லாம எச்சில் சுரப்பி ஏன் வீங்குது?

பினாங்குல இருக்கிற உங்க அம்மாவுக்கு ஷோகிரன் நோய்னு (நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம எச்சில், கண்ணீர் சுரப்பிய தாக்குற நோய்) சொல்லிட்டாங்க, கிருமியே இல்லாம உடம்பு ஏன் எச்சில் சுரப்பிய தாக்குதுன்னு கேட்டிருக்கீங்க.

நம்ம செல்லுக்குள்ள டோல் லைக் ரிசெப்டார்னு (சுருக்கமா டிஎல்ஆர்) காவக்காரங்க இருக்காங்க, அதுல டிஎல்ஆர் 7 வைரஸோட ஆர்என்ஏவ, அதாவது அதோட மரபுத் தகவல் இழைய, மோப்பம் பிடிக்கும். இந்த நோய்ல நிறைய பேருக்கு ரத்த டெஸ்ட்ல ஆன்டி-ரோ ஆன்டிபாடி (ரோங்கிற நம்ம சொந்த புரோட்டீன எதிரின்னு பிடிக்கிற எதிர்ப்புப் பொருள்) வரும்ல, அந்த ரோ புரோட்டீன் நம்ம சொந்த ஆர்என்ஏவ ஒட்டிக்கிட்டு இருக்கிற ஆளு, அதனால ஆன்டிபாடி ரோவ பிடிச்சா ஆர்என்ஏவும் கூடவே செல்லுக்குள்ள போயிடும், டிஎல்ஆர் 7 அத வைரஸ்னு நெனச்சு இன்டர்ஃபெரான்ங்கிற அபாய மணி புரோட்டீன கொட்ட வைக்கும், அது பி செல்ங்கிற எதிர்ப்பு செல்ல உசுப்பிவிடும், பி செல் இன்னும் ஆன்டிபாடி செய்யும்... செக்குமாடு கதைதான். சுரப்பி செல்லும் சும்மா இல்ல, அதுல இருக்கிற டிஎல்ஆர் 3 தூண்டப்பட்டா அதுவே எண்ணெய் ஊத்தும்.

டிஎல்ஆர் 7 ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, பெண்களுக்கு அது ரெண்டு, பேஷண்ட்ல 10க்கு 9 பேர் பெண்களா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

இந்த நோய்க்கு குடுக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை இந்த ரிசெப்டார்கள அடக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 2014ல வந்த பிரெஞ்சு ஆய்வுல வறட்சி, வலி, சோர்வுக்கு டம்மி மாத்திரைய விட பெருசா கேக்கல. அம்மாவுக்கு ரொட்டி சானாய் தொண்டையில நிக்குதுன்னா பருப்புக் கறிய தாராளமா ஊத்திக் குடுங்க, பல் டாக்டர்கிட்டயும் காட்டுங்க, எச்சில் இல்லன்னா பல்லு சீக்கிரம் சொத்தையாகும்.