உபுண்டு 22.04 பிஎக்ஸ்இ: இன்ஸ்டாலர் மொழி கேட்டு நிற்கிறது

பிஎக்ஸ்இ வழியாக, அதாவது நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்து, உபுண்டுவைத் தானாக நிறுவும்போது இன்ஸ்டாலர் மொழி கேட்டு நிற்கிறதா? க்ரப் (பூட் லோடர்) கோப்பில், நிறுவலுக்கான அமைப்புக் கோப்புகள் எங்கே என்று சொல்லும், 'டிஎஸ்=' எனத் தொடங்கும் பகுதி முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். நெட்வொர்க்கில் பூட் ஆகியும் மொழி கேட்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நடுவிலுள்ள அரைப்புள்ளியைக் கண்டதும் க்ரப் கட்டளை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். பின்னாலுள்ள, அந்தக் கோப்புகள் இருக்கும் சர்வர் முகவரி கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) போகவே போகாது. நானும் இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்தவன்.

நிற்கும் கணினியில் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்தி, ப்ராக் அடைவிலுள்ள சிஎம்டிலைன் கோப்பை (கர்னலுக்குப் போய்ச் சேர்ந்த வரி அதில் இருக்கும்) பாருங்கள். முகவரி இல்லையென்றால் இதேதான். இருந்தால், சர்வர் லாகில் யூசர்-டேட்டா, மெட்டா-டேட்டா என்ற இரண்டு அமைப்புக் கோப்புகளுக்கும் 200 (கோப்பு கிடைத்தது என்ற பதில்) வந்திருக்கிறதா பாருங்கள். மெட்டா-டேட்டா காலியாக இருக்கலாம், இல்லாமல் இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: க்ரப் கோப்பின் அதே வரியில் 'ஆட்டோஇன்ஸ்டால்' என்ற சொல்லும் இருந்தால், கேட்காமலே டிஸ்க்கை அழித்துவிடும். பூட் மெனுவில் அதை டீஃபால்டாக வைக்காதீர்கள்.