காணொலி வகுப்பறை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பள்ளி, கல்லூரிகளில் காணொலி வகுப்புக்கான அறைகளை அமைத்துத் தருவது பல ஆண்டுகளாக என் தொழில். அது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர்: முன்னாள் மாணவர்கள் ஒரு லட்சம் ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். எந்தக் கேமரா வாங்கலாம், ஐயா?

கேமராவைக் கடைசியாக வாங்குங்கள், ஐயா. படம் சற்று மங்கினால் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தெளிவாகக் கேட்காவிட்டால் பத்து நிமிடத்தில் கவனம் கலைந்துவிடும். ஆள் இல்லாத அறையின் நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை உடனே அடங்காமல் கணீரென்று நீண்டால், உங்கள் பணத்தின் முதல் பங்கு சுவருக்கும் மைக்குக்கும் போக வேண்டும்.

பர்கூரிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர்: தரை கிரானைட், சுவர் பளபளப்பான பெயின்ட். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது என்று எதிர்முனையில் சொல்கிறார்கள். ஆனால் அறைக்குள் எங்களுக்கு நன்றாகத்தானே கேட்கிறது?

அறைக்குள் இருப்பவருக்கு இரண்டு காதுகள் இருப்பதால், பேசுபவரின் குரலையும் சுவரில் மோதித் திரும்பும் ஒலியையும் மூளை தானாகப் பிரித்துக்கொள்கிறது. மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்பிவிடும். நம் பகுதியில் கிரானைட் எளிதில் கிடைப்பதால் அதையே பதித்துவிடுகிறோம். அழகுதான், ஆனால் ஒலியை அது சிறிதும் உறிஞ்சாது. பத்தாயிரம் கன அடிக்கு உட்பட்ட வகுப்பறையில் ஒலி அடங்கும் நேரம் 0.6 விநாடியைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க வகுப்பறை ஒலித் தரநிலை. வெற்றுச் சுவரும் கல் தரையுமாக இருக்கும் அறை இந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

முதலில், பேசுபவருக்கு நேரெதிரே உள்ள பின்சுவரைக் கவனியுங்கள். மரச்சட்டத்தில் கண்ணாடிக் கம்பளி அடைத்துத் துணி போர்த்திய பலகைகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால், சுவரோடு ஒட்டி மாட்டுவதைவிடக் கூடுதலாக உறிஞ்சும். அடுத்து, எதிரெதிரான பக்கச் சுவர்களில் ஒன்றையாவது மூடுங்கள். தரைக்குக் கனமான ஜமக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பான தடித்த திரை. முட்டை அட்டைகளை ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது பேச்சொலியில் பெரும்பகுதியைத் தொடுவதேயில்லை, தீப்பிடித்தால் ஆபத்தும் கூட.

இத்தனையும் செய்துவிட்டு மைக்கைத் தொலைவில் வைத்தால் பயனில்லை. தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஓர் அடியில் இருந்த மைக்கை எட்டு அடிக்குக் கொண்டுபோனால் 18 டெசிபல் போய்விடும், சுவரின் முழக்கமோ அப்படியே நிற்கும். எனவே ஆசிரியருக்குச் சட்டையில் குத்தும் மைக்கே சிறந்தது.

தொப்பூரிலிருந்து: பள்ளி நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. லாரிகளின் ஹாரன் ஓயாது. தகரக் கூரையில் மழை பெய்தால் ஒன்றுமே கேட்காது.

அந்த அறையை விட்டுவிடுங்கள். பள்ளியில் சாலையைப் பார்க்காத பக்கத்தில், கான்கிரீட் கூரையுள்ள அறை சிறியதாக இருந்தாலும் அதுவே மேல்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: படத்தில் என் முகம் கறுத்துப் போகிறது. திரையில் பட்டை பட்டையாகக் கோடுகளும் ஓடுகின்றன.

இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள், அம்மா. உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் முகம் இருண்டுவிடுகிறது. ஜன்னல் உங்கள் முன்னாலோ பக்கவாட்டிலோ வரும்படி மேசையைத் திருப்பிப் போடுங்கள். தலைக்கு நேர் மேலே உள்ள விளக்கு கண்ணுக்கடியில் நிழல் விழச் செய்யும் என்பதால், முன்புறம் சாய்வாக ஒளி விழுமாறு ஒரு குழல் விளக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடுகளுக்குக் காரணம் மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன; கேமரா 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் இருந்தால் அந்தத் துடிப்பு பட்டைகளாகப் பதிவாகும். கேமரா அமைப்புகளில் அதை 50 என்று மாற்றுங்கள், காசு செலவில்லை.

அரூரிலிருந்து: 55 அங்குலத் தொலைக்காட்சி போதுமா? கடைசி பெஞ்சு 24 அடியில் இருக்கிறது.

போதாது. எழுத்தைப் படிக்க வேண்டுமானால், திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்குத் தொலைவுக்குள் மாணவர் அமர வேண்டும் என்பது பழகிய கணக்கு. 55 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 27 அங்குலம். ஆகவே பதின்மூன்றரை அடி வரைதான் அது உதவும். பெரிய திரைக்கு வழியில்லையென்றால், அதே போன்ற இன்னொன்றை அறையின் பாதியில் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

அஞ்செட்டியிலிருந்து: இணையம் அடிக்கடி திணறுகிறது. ஒரே அறையில் இரண்டு மடிக்கணினிகளைத் திறந்தால் வீலென்று கத்துகிறது.

கத்துவதற்குக் காரணம், ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து வருவதை மற்றொன்றின் மைக் பிடிப்பதுதான். ஒன்றில் மட்டும் ஒலியையும் மைக்கையும் வைத்துக்கொண்டு மற்றதில் இரண்டையும் அடைத்துவிடுங்கள். இணைப்பைப் பொறுத்தவரை, பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வகுப்பு வெளியே போவது பதிவேற்றத்தில். வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து கேபிள் இழுங்கள். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், கேமராவின் யூ.எஸ்.பி. கேபிளோ 5 மீட்டருக்கு மேல் நீண்டால் தடுமாறத் தொடங்கும். மோடத்துக்கும் யு.பி.எஸ். கொடுக்க மறக்க வேண்டாம். கணினி மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

பாலக்கோட்டிலிருந்து: கேமராவை எங்கே பொருத்துவது?

ஒரு கல்லூரியில் கேமராவைப் பக்கச் சுவரில் உச்சியில் மாட்டியிருந்தார்கள். எதிர்முனைப் பேராசிரியருக்குத் தெரிந்ததெல்லாம் நாற்பது உச்சந்தலைகள்; பிள்ளைகள் தன்னைப் பார்ப்பதே இல்லை என்று அவர் வருந்தினார். பிள்ளைகள் திரையில் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்முனை முகம் தோன்றும் திரைக்கு ஒட்டினாற்போல், அதன் கீழ் விளிம்பிலோ மேல் விளிம்பிலோ கேமராவை வையுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து நான்கடி உயரத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், கேமராவும் அதைவிட அதிக உயரத்துக்குப் போக வேண்டாம். மறைக்கும் தலைகளுக்காக ஓர் அடி கூட்டிக்கொள்ளலாம்.